முப்பத்தாறு வயதில் நர்ஸிங்: எந்தக் கல்லூரியில் சேர்வது?

கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் பகுதியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தின் சாரத்தைத் தருகிறேன்.

வயது 36. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பி.இ. முடித்துவிட்டுச் சென்னையில் நான்கு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்திருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு, ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் ஹெச்-4 விசாவில் அமெரிக்கா வந்தார். மூத்தவனுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஐந்து. கணவரின் ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காக அவருடைய கம்பெனி போட்ட மனு, அப்ரூவ் ஆகிவிட்டதால் கையில் ஈ.ஏ.டி. என்ற வேலை அனுமதி கார்டு இருக்கிறது. ஆனால் பத்து வருட இடைவெளிக்குப் பின் பழைய வேலைக்குத் திரும்ப மனமில்லை.

மூன்று வருடம் முன்பு இவருடைய அப்பா பாளையங்கோட்டையில் ஐ.சி.யூ.வில் இருந்தார். அங்கே ஒரு நர்ஸ் நைட் டியூட்டி முடிந்து கிளம்பும்போது வெளியே வந்து, "ஐயா ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சாங்க, உங்க பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போவாராம். "டாக்டர் சொன்ன எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை அக்கா. அந்த நர்ஸ் சொன்னது அத்தனையும் ஞாபகம் இருக்கு" என்று எழுதியிருக்கிறார். ஊரிலிருந்து திரும்பி வந்தவர் கம்யூனிட்டி காலேஜில் (குறைந்த கட்டணத்தில் இரண்டு வருடப் படிப்பு தரும் அரசுக் கல்லூரி) அனாடமி எடுத்து ஏ கிரேடு வாங்கிவிட்டார். இப்போது ஃபிசியாலஜி போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த செமஸ்டரில் மைக்ரோபயாலஜி.

இனி எங்கே சேர்வது என்பதுதான் கேள்வி. முதல் இரண்டும் கம்யூனிட்டி காலேஜ்கள். முதலாவது வீட்டிலிருந்து பதினைந்து நிமிடம். லைசென்ஸ் தேர்வில் அதன் தேர்ச்சி தொண்ணூறு சதவீதத்துக்குச் சற்று மேல். இரண்டாவது 35 மைல் தள்ளி இருக்கிறது, காலை டிராஃபிக்கில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. தேர்ச்சி ஏறக்குறைய நூறு. மூன்றாவது ஒரு தனியார் கல்லூரி. காத்திருக்க வேண்டியதில்லை, ஜனவரியிலேயே சேரலாம், எண்பதாயிரம் டாலருக்கு மேல் ஆகும். இதற்கிடையில் கணவரின் நண்பர், "முதலில் எல்.வி.என். முடித்துவிட்டு அப்புறம் ஆர்.என். ஆகிவிடலாம்" என்கிறார் (ஆர்.என். என்பது முழுத்தகுதி பெற்ற நர்ஸ், எல்.வி.என். அதற்குக் கீழ்ப்படி). கம்யூனிட்டி காலேஜ் டிகிரியை ஆஸ்பத்திரிகள் மதிக்குமா? பி.இ. வீணாகிவிடுமா? விசாவால் சிக்கல் வருமா? இந்த வயதில் தொடங்கலாமா? இத்தனைக்கும் மேலாக, "பெட்பேன் எடுக்கவா உன்னை எஞ்சினீயரிங் படிக்க வெச்சோம்?" என்று அம்மா போனில் அழுதிருக்கிறார்.

அன்புத் தங்கைக்கு,

அக்கா என்று கூப்பிட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே பேசுகிறேன். பல வருடம் வார்டில் நின்றவள், பிறகு கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களை ஆஸ்பத்திரியில் நேரடிப் பயிற்சிக்கு, அதாவது கிளினிக்கலுக்கு, அழைத்துப் போனவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் அடியோட்டமாக ஒரு பயம் ஓடுகிறது. கம்யூனிட்டி காலேஜில் வாங்கும் ஏ.டி.என். என்ற இரண்டு வருட நர்ஸிங் டிகிரி இரண்டாம் தரம், பல்கலைக்கழகத்தின் நான்கு வருட பி.எஸ்.என்.தான் உண்மையான நர்ஸிங் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது சரியில்லை. இந்த இரண்டு வருடப் படிப்பு யாரும் சந்துவழியாகக் கொண்டுவந்ததில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் நர்ஸ் பற்றாக்குறை கடுமையாக இருந்தபோது, மில்ட்ரெட் மான்டாக் என்ற நர்ஸிங் கல்வியாளர் 1951இல் தம் ஆய்வில் இதை முன்வைத்தார். அடுத்த வருடமே சில கல்லூரிகளில் சோதனை முயற்சி தொடங்கியது. இன்றைக்கு ஏ.டி.என். படித்தவரும் பி.எஸ்.என். படித்தவரும் எழுதுவது என்க்ளெக்ஸ்-ஆர்.என். என்ற ஒரே லைசென்ஸ் தேர்வுதான். கம்ப்யூட்டர் உங்கள் பதிலைப் பார்த்துப் பார்த்து அடுத்த கேள்வியைக் கொடுக்கும். 85 கேள்வியில் முடியலாம், 150 வரையும் போகலாம். அதிகபட்சம் ஐந்து மணி நேரம். வாங்கும் லைசென்ஸும் ஒன்றே. எந்தக் கல்லூரி என்று அதில் அச்சடித்திருக்காது.

அதே நேரம், ஆஸ்பத்திரி வேலை என்று வரும்போது வித்தியாசம் இல்லவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2010இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் நர்ஸிங்கின் எதிர்காலம் பற்றி வெளியிட்ட அறிக்கை, 2020க்குள் நர்ஸ்களில் 80 சதவீதம் பேர் பி.எஸ்.என். ஆக வேண்டும் என்று பரிந்துரைத்தது. நியூயார்க்கில் 2017 டிசம்பரில் சட்டமே வந்தது: லைசென்ஸ் வாங்கிப் பத்து வருடத்துக்குள் பி.எஸ்.என். முடிக்க வேண்டும். கலிபோர்னியாவில் அப்படிச் சட்டம் கிடையாது. ஆனால் உங்கள் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் பெரிய ஆஸ்பத்திரிகள் புதிதாகப் படித்து வருபவர்களை எடுக்கும்போது பி.எஸ்.என்.னுக்குத்தான் முன்னுரிமை தருகின்றன. நர்ஸிங் தரத்துக்காகத் தரப்படும் 'மேக்னட்' அங்கீகாரம் உள்ள ஆஸ்பத்திரியில் எல்லா நர்ஸும் பி.எஸ்.என். படித்திருக்க வேண்டும் என்று கேள்விப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த விதி நர்ஸ் மேனேஜர்களுக்குத்தான். ஆனாலும் அந்த ஆஸ்பத்திரிகள் வார்டு நர்ஸிடமும் அதையே எதிர்பார்ப்பது உண்மை. ஏ.டி.என். மட்டும் கையில் இருந்தால் முதல் வேலை ஒரு நர்ஸிங் ஹோமிலோ, மாநிலத்தின் உட்பகுதியிலுள்ள சென்ட்ரல் வேலி பக்கம் ஒரு சின்ன ஊரிலோ அமையலாம். இதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

இதற்கு வழியும் இருக்கிறது. பல கம்யூனிட்டி காலேஜ்கள் கால் ஸ்டேட் எனப்படும் மாநில அரசுப் பல்கலைகளோடும் மற்ற பல்கலைகளோடும் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. ஏ.டி.என். படிக்கும்போதே கோடை விடுமுறையில் பி.எஸ்.என். பாடங்களை எடுத்துக்கொண்டே போனால், லைசென்ஸ் வாங்கிய சில மாதங்களில் அந்த டிகிரியும் கைக்கு வந்துவிடும். கம்யூனிட்டி காலேஜே பி.எஸ்.என். கொடுக்கலாம் என்ற மசோதா கலிபோர்னியா சட்டசபையில் நிறைவேறி, 2024இல் கவர்னர் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிட்டார். ஆகவே இப்போதைக்கு இந்த ஒப்பந்த வழிதான். நீங்கள் பார்த்த இரண்டு கல்லூரிகளில் எதற்கு இந்த ஏற்பாடு இருக்கிறது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. தேர்ச்சி சதவீதத்துக்கு முன்னால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

நூறு சதவீதம் என்ற எண்

இந்த இடத்தில்தான் நன்றாகப் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். கலிபோர்னியாவின் நர்ஸிங் போர்டு, அதாவது பி.ஆர்.என்., ஒவ்வொரு கல்லூரியின் என்க்ளெக்ஸ் தேர்ச்சியையும் வருடவாரியாக வெளியிடுகிறது. முதல் முயற்சியில் 75 சதவீதத்துக்குக் கீழே போகும் கல்லூரியைக் கேள்வி கேட்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த எண் சொல்வது, தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதை மட்டும். தேர்வு வரைக்கும் வந்து சேராதவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

ஒரு உதாரணம் போட்டுப் பாருங்கள். ஒரு கல்லூரியில் நாற்பது பேர் சேர்ந்து, நடுவில் பதினான்கு பேர் விழுந்துபோய், மிச்சம் 26 பேர் எழுதி 26 பேரும் தேறினால், நூறு சதவீதம். இன்னொன்றில் நாற்பது பேர் சேர்ந்து, 36 பேர் முடித்து, அதில் 33 பேர் முதல் தடவையே தேறினால், 92 சதவீதம். பட்டியலில் முதல் கல்லூரி மேலே இருக்கும். ஆனால் சேர்ந்த நாளில் உங்களைப் போல் உட்கார்ந்திருந்த நாற்பது பேரில் எத்தனை பேர் நர்ஸ் ஆனார்கள் என்று பார்த்தால் 26க்கு எதிராக 33. உங்களுடைய இரண்டு கல்லூரிகளும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'ஏறக்குறைய நூறு' என்ற ஒற்றை எண்ணுக்காக இரண்டு வருடம் தினமும் எழுபது மைல் ஓட்டத் தயாராகிவிட்டீர்கள். அதற்கு முன் இரண்டு கல்லூரியிடமும் கேளுங்கள்: சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் முடிக்கிறார்கள்? நடுவில் ஒரு பாடத்தில் தவறியவரை அடுத்த பேட்ச்சில் திரும்பச் சேர்க்கிறீர்களா? இந்த இரண்டு பதிலும் எனக்குத் தேர்ச்சி சதவீதத்தைவிட முக்கியம்.

ஏன் நடுவில் விழுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மூரில் படித்தவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். அங்கே ஐம்பது வாங்கினால் பாஸ். இங்கே பெரும்பாலான நர்ஸிங் புரோகிராம்களில் 75க்குக் கீழே வந்தால் ஃபெயில். கேள்வியும் 'இதன் வரையறை என்ன' என்று வராது. நான்கு நோயாளிகளைக் கொடுத்து, யாரை முதலில் போய்ப் பார்ப்பாய் என்று கேட்பார்கள். நான்கு விடையுமே சரி போலத் தெரியும். மனப்பாடத்தில் கெட்டிக்காரர்களாக இருந்தவர்கள் முதல் செமஸ்டரில் இதில்தான் தடுமாறுகிறார்கள். பல இடங்களில் இரண்டு பாடத்தில் தவறினால் வெளியேற வேண்டியதுதான். மருந்து அளவு கணக்குத் தேர்வில் தொண்ணூறுக்கு மேல் எடுத்தால்தான் நோயாளிக்கு மருந்து கொடுக்கவே விடுவார்கள். அந்தக் கணக்கில் எஞ்சினீயரான உங்களுக்குப் பயமிருக்காது. 'யாரை முதலில்' என்பதில்தான் பழக்கம் வேண்டும்.

முதலில் அவர்கள் உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்

'எதைத் தேர்ந்தெடுப்பது' என்று கேட்டிருக்கிறீர்கள். சீட்டு இன்னும் கையில் இல்லையே, தங்கச்சி. வளைகுடாப் பகுதியில் ஓலோன், ஷாபோ, டி ஆன்சா, எவர்கிரீன் வேலி என்று பல கம்யூனிட்டி காலேஜ்களில் ஆர்.என். படிப்பு இருக்கிறது. எல்லாவற்றிலும் சீட்டைவிட விண்ணப்பம் அதிகம். ஒன்றுக்குத்தான் போட வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. தகுதி பொருந்துகிற எல்லாவற்றுக்கும் போடுங்கள்.

பல கல்லூரிகளில் பாயின்ட் முறை. சிலவற்றில் குலுக்கல், சிலவற்றில் காத்திருப்போர் பட்டியல். பாயின்ட் முறையில் அறிவியல் பாடங்களின் கிரேடு, டீஸ் என்ற நுழைவுத் தேர்வு, ஏற்கெனவே வாங்கிய டிகிரி, மருத்துவத் துறை அனுபவம், வாழ்க்கைச் சூழ்நிலை எல்லாவற்றுக்கும் மதிப்பு உண்டு. டீஸில் 170 கேள்விகள். கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் 62 சதவீதம் குறைந்தபட்சம். ஆனால் 62 வாசலைத் திறக்கும், அவ்வளவுதான். பாயின்ட் வேண்டுமென்றால் எண்பதுக்கு மேல் குறிவையுங்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. கலிபோர்னியாவின் கல்விச் சட்டம் இந்தப் பாயின்ட் முறையை விவரிக்கும்போது, ஆங்கிலம் தவிர வேறு மொழித் திறமைக்கும் மதிப்புக் கொடுக்கலாம் என்கிறது. ஸ்பானிஷ், டகாலோக், சீனம் என்று அடுக்கிக்கொண்டே வந்து, இந்தியத் துணைக்கண்டத்தின் பல மொழிகளையும் அந்த வரிசையில் சேர்த்திருக்கிறது. ஊரிலிருந்து வந்த தாத்தாவுக்கு நெஞ்சுவலி வந்து, 'நெஞ்சைக் கரிக்குது' என்பதற்கும் 'நெஞ்சை அடைக்குது' என்பதற்கும் உள்ள வித்தியாசம் புரியாமல் எமர்ஜென்ஸியில் எல்லோரும் விழித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் பேசும் தமிழ் அங்கே ஒரு மருத்துவத் திறமை. எந்தக் கல்லூரி எத்தனை பாயின்ட் தருகிறது, எப்படி நிரூபிக்கச் சொல்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். விசாரியுங்கள்.

பி.இ.யும் வீண் போகாது. அங்கீகாரம் பெற்ற ஏஜென்ஸி ஒன்றில் உங்கள் மார்க் ஷீட்டுகளை மதிப்பீடு செய்து வாங்குங்கள். டிகிரிக்கான பாயின்ட் கிடைக்கலாம், சில பொதுப் பாடங்களிலிருந்து விலக்கும் கிடைக்கலாம். வெளிநாட்டு டிகிரியை ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு விதமாக நடத்தும் என்பதால் கவுன்சிலரிடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பல்கலையிலிருந்து சீல் வைத்த டிரான்ஸ்கிரிப்ட் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அதற்கு இன்றே ஏற்பாடு செய்யுங்கள்.

அனுபவப் பாயின்டுக்கு ஒரு நல்ல வழி, சி.என்.ஏ. எனப்படும் நர்ஸிங் உதவியாளர் பயிற்சி. கலிபோர்னியாவில் 160 மணி நேரம், அதில் நூறு மணி நேரம் நோயாளிகளோடு. இதைப் பாயின்டுக்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு முதியோர் இல்லத்தில், படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரைக் காலை ஏழு மணிக்குத் துடைத்து, ஒருபக்கம் புரட்டி, முதுகில் எங்கேனும் சிவந்திருக்கிறதா என்று பார்த்து, விரிப்பு மாற்றி, மறுபடி தலையணை கொடுத்துப் படுக்க வைக்கும் வேலையை நாற்பது தடவை செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் இந்தப் படிப்பு வேண்டுமென்று தோன்றினால் தயங்காமல் வாருங்கள்.

பதினைந்து நிமிடமும் ஒரு மணி நேரமும்

கல்லூரி பக்கத்தில் இருந்தால் எல்லாம் பக்கத்தில் என்று நினைக்கிறீர்கள். வகுப்பு பக்கத்தில்தான். கிளினிக்கல் எங்கே விழும் என்று சொல்ல முடியாது. கலிபோர்னியாவில் குறைந்தது 500 மணி நேரம் நேரடியாக நோயாளிகளோடு நிற்க வேண்டும். பொது மருத்துவ-அறுவை வார்டு, மகப்பேறு, குழந்தைகள், மனநலம், முதியோர் என்று ஐந்து பிரிவும் பார்த்தாக வேண்டும். ஆஸ்பத்திரிகளில் மாணவர்களுக்கு இடம் கிடைப்பதே கல்லூரிகளுக்குள் போட்டி. குழந்தைகள் பிரிவுக்கு நாற்பது மைல் ஓட்ட வேண்டி வரலாம், மனநலத்துக்கு வேறொரு ஊர். பல இடங்களில் காலை 6:45க்கு வார்டில் இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் தாமதமானால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அது விடுப்புக் கணக்கில் சேரும்.

என்னிடம் படித்த ஒரு மாணவி, மூன்று பிள்ளைகளின் தாய். கிளினிக்கல் நாளில் ஐந்தே முக்காலுக்கே வந்துவிடுவார். பார்க்கிங்கில் காருக்குள் சின்ன விளக்கைப் போட்டுக்கொண்டு, ஸ்டியரிங் மேல் மருந்து அட்டைகளைப் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருப்பார். பக்கத்து சீட்டில் பிள்ளைகளின் டிபன் பை. முந்தின நாள் கொடுக்க மறந்தது. அவர் முடித்ததற்கு மூளை மட்டும் காரணமில்லை. காலை ஐந்தரைக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, எதிர்வீட்டில் ஒரு பஞ்சாபிப் பாட்டி இருந்தார். உங்களுக்கு அந்தப் பாட்டி யார்? உங்கள் கணவர் வாரத்தில் இரண்டு நாள் காலையில் பிள்ளைகளைக் கிளப்பிப் பள்ளியில் விட முடியுமா? அம்மாவும் மாமியாரும் மாறி மாறி ஆறு மாதம் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களை நம்பியே திட்டம் போடாதீர்கள், விசிட்டர் விசா நம் கையில் இல்லை. இதை அவரோடு உட்கார்ந்து நாள்வாரியாகத் தாளில் எழுதிப் பாருங்கள். ஒரு மணி நேரத் தூரத்துக் கல்லூரி அந்தத் தாளில் அடங்கவில்லை என்றால், தேர்ச்சி சதவீதம் என்னவாக இருந்தாலும் அது உங்கள் கல்லூரி கிடையாது.

ஜனவரியில் சேரச் சொல்லும் தனியார் கல்லூரி

அட்மிஷன் ஆபீசர் வாரத்தில் மூன்று தடவை போன் செய்கிறார், இன்றைக்கே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். சீட்டு காலி என்று கூப்பிட்டுச் சொல்லும் நிலை எந்தக் கம்யூனிட்டி காலேஜுக்கும் வருவதில்லை. தனியார் எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை, நல்லவையும் இருக்கின்றன. ஆனால் பணத்தைப் பாருங்கள். கம்யூனிட்டி காலேஜில் கலிபோர்னியாவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர். முன்தேவைப் பாடங்களோடு சேர்த்து 75 யூனிட் என்று வைத்தாலும் 3,450 டாலர். புத்தகம், யூனிஃபார்ம், தடுப்பூசி, பின்னணிச் சரிபார்ப்பு, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்ந்தாலும் அந்த எண்பதாயிரத்தின் பக்கத்தில் போகாது. ஹெச்-4 விசாவில் ஃபெடரல் மாணவர் உதவியும் கடனும் கிடைக்காது. அப்படியானால் சேமிப்பிலிருந்து கொடுக்க வேண்டும், அல்லது உங்கள் கணவர் கையெழுத்துப் போட்டுத் தனியார் கடன் வாங்க வேண்டும். படிப்பு நடுவில் நின்றாலும் கடன் நிற்காது.

கையெழுத்துக்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். அந்த வளாகத்தின் ஆர்.என். படிப்பு பி.ஆர்.என்.னின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா? பட்டியலில் இல்லையென்றால் பேச்சே வேண்டாம், தேர்வெழுதவே விட மாட்டார்கள். அடுத்து, அங்கே எடுக்கும் யூனிட்டுகளைக் கால் ஸ்டேட் பல்கலை ஏற்குமா? இதை அட்மிஷன் ஆபீசரிடம் கேட்காதீர்கள், பல்கலையிடம் கேளுங்கள். மூன்றாவது, ஏ.சி.ஈ.என். போன்ற தேசிய நர்ஸிங் அங்கீகாரம். கலிபோர்னியா லைசென்ஸுக்கு இது கட்டாயமில்லை. நல்ல கம்யூனிட்டி காலேஜ்கள் சிலவற்றுக்கே இது இல்லை. ஆனால் முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு ஆஸ்பத்திரிகளில் வேலைக்கும், சில மேற்படிப்புகளுக்கும் கேட்பார்கள்.

கணவரின் நண்பர் சொன்ன எல்.வி.என். வழியில் ஒரு குழி இருக்கிறது. எல்.வி.என். முடித்து முறையாக ஆர்.என். டிகிரிக்குப் போனால் தவறில்லை, காலம் கூடும், அவ்வளவுதான். ஆனால் கலிபோர்னியாவில் '30 யூனிட் ஆப்ஷன்' என்று ஒன்று உண்டு. டிகிரி இல்லாமலே ஆர்.என். தேர்வு எழுத விடும். அந்த வழியில் வாங்கும் லைசென்ஸை மற்ற மாநிலங்கள் பொதுவாக ஏற்பதில்லை. உங்கள் கணவருக்கு நாளைக்கே டெக்ஸாஸில் வேலை மாறினால் நீங்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். முறையாகப் படித்தவருக்கும், கலிபோர்னியா பல மாநிலக் கூட்டு லைசென்ஸ் ஒப்பந்தத்தில் சேராததால், புது மாநிலத்தில் தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் அது வெறும் படிவ வேலை.

விசா

நான் வக்கீல் இல்லை, அதனால் அடிப்படையை மட்டும் சொல்கிறேன். ஹெச்-4இல் முழுநேரமாகப் படிக்கலாம், எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறத் தேவையில்லை. மாநிலத்தில் ஒரு வருடத்துக்கு மேல் வசித்து, இங்கேயே இருக்கும் எண்ணத்தைக் காட்டும் ஆவணம் வைத்திருந்தால் உள்ளூர்க் கட்டணமே பொருந்தும். அனாடமிக்கு நீங்கள் அதைத்தான் கட்டியிருக்கிறீர்கள். நர்ஸ் லைசென்ஸ் வேறு, வேலை அனுமதி வேறு. ஈ.ஏ.டி. புதுப்பிப்பு தாமதமானால் வேலையை நிறுத்த வேண்டும், ஆனால் படிப்பும் லைசென்ஸும் உங்களுடையவை, போகாது. கார்டு காலாவதியாகும் தேதியையும் படிப்பு முடியும் மாதத்தையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு, உங்கள் கிரீன் கார்டு வழக்கைப் பார்க்கும் வக்கீலிடம் அரைமணி நேரம் கேட்டுவிடுங்கள்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஒரு நாள் என் மாணவர் ஒருவர், முதல் செமஸ்டர், எழுபது வயதுப் பெண்மணி ஒருவரின் பெட்பேனை எடுத்துக்கொண்டு போனவர் பாதியில் நின்று என்னைக் கூப்பிட்டார். மலம் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தது, வாடையும் வேறு மாதிரி. அந்த அம்மாவுக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போய்க்கொண்டிருந்தது. மூட்டுவலிக்கு வீட்டில் தாமாகவே ஒரு மாத்திரை போட்டுக்கொண்டிருந்ததையும் அப்போதுதான் சொன்னார். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. உடனே பிரஷர் பார்த்து, டாக்டருக்குச் சொல்லி, மாத்திரையை நிறுத்தி, அன்றைக்கே எண்டோஸ்கோப்பிக்கு ஏற்பாடாயிற்று. வேறு யாரேனும் அதைக் கவனிக்காமல் கொட்டிக் கழுவியிருந்தால் அந்த அம்மா மறுநாள் இருந்திருப்பார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பெட்பேனை எடுப்பது மட்டும் வேலை இல்லை, அதைப் பார்ப்பதும் வேலை. உங்கள் அப்பாவின் படுக்கையருகே ராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருந்த நர்ஸும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார். அம்மாவிடம் அவரைப் பற்றியே பேசுங்கள், அவருக்கும் அந்த முகம் ஞாபகம் இருக்கும்.

வயது பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் வகுப்புகளில் முப்பத்தாறு நடு வயசு.

ஆகவே நான் சொல்வது இது. தனியார் கல்லூரிக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். ஃபிசியாலஜியிலும் மைக்ரோபயாலஜியிலும் ஏ வாங்குவதில் கவனமாக இருங்கள்; ஒரு பி வந்தால் உலகம் முடிந்துவிடாது, ஆனால் திரும்ப எடுக்க விடுவதில் பல கல்லூரிகள் கண்டிப்பு. கோடையில் சி.என்.ஏ. முடியுங்கள். பக்கத்துக் கல்லூரி, தூரத்துக் கல்லூரி, அந்தச் சுற்றுவட்டாரத்தில் தகுதி பொருந்தும் இன்னும் இரண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே சுற்றில் விண்ணப்பியுங்கள். இரண்டிலும் சீட்டு கிடைத்தால், பி.எஸ்.என். ஒப்பந்தம் இரண்டுக்கும் இருக்கும் பட்சத்தில், நான் பக்கத்துக் கல்லூரியைத்தான் சொல்வேன். பக்கத்துக் கல்லூரிக்கு ஒப்பந்தம் இல்லாமல் தூரத்துக் கல்லூரிக்கு மட்டும் இருந்தால்தான் எனக்கே யோசனை வரும். அப்போதும் அந்த நாள்வாரித் தாளைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

இரண்டு கல்லூரியும் நர்ஸிங் அறிமுகக் கூட்டம் நடத்துவார்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், முன்வரிசையில் உட்காருங்கள். கூட்டம் முடிந்ததும் இரண்டாம் வருட மாணவிகள் யாராவது வாசலில் நிற்பார்கள். அவர்களிடம், "உங்களோட சேர்ந்தவங்கள்ல இப்ப எத்தனை பேர் இருக்காங்க?" என்று கேளுங்கள். டீஸ் மார்க் வந்ததும், அந்த மாணவிகள் சொன்ன எண்ணிக்கையையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.